காற்றா, அடியா? பக்கவாதம் என்ற சொல்லின் கதை



இதே மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் காவியத்தையும் காதலையும் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எனக்கு வாய்த்த பொருள் பக்கவாதம். தலைப்பைப் பார்த்த பிறகும் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பது உங்கள் பெருந்தன்மை.

நோயைப் பற்றி இன்று அதிகம் பேசப்போவதில்லை. அதன் பெயரைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் பெயரைப் பிடித்து இழுத்தால் நோயும் கூடவே வரும், அது வரட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நரம்பியல் பிரிவில் சீட்டில் நாங்கள் எழுதுவது ஒரு சொல், நோயாளியை அழைத்துவரும் வீட்டார் வாயில் வருவது வேறு சொல். 'பக்கவாதம் வந்துவிட்டது, டாக்டர்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு' என்பார்கள். 'கை கால் விழுந்துபோச்சு', 'வாய் கோணிக்கிச்சு', 'நாக்கு தடிச்சுப்போச்சு' என்பார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, 'இடது கை வெளங்கல, சார்' என்பது. விளங்குதல் என்றால் ஒளிர்தல், தெளிவாதல், புரிதல். பாடம் விளங்கவில்லை என்று பையன் சொல்கிற அதே வினையை, தாத்தாவின் கைக்கும் சொல்கிறோம். சண்டையில் 'உன் கை வெளங்காமப் போக' என்று சாபம் விடுகிறவர்கள் இந்த நோயைத்தான் ஏவுகிறார்கள். புரிந்துகொள்ளும் மூளைக்குரிய வினைச்சொல் கைக்கு எப்படி வந்தது? தற்செயல்தான், அதில் பெரிய அறிவியலைத் தேட வேண்டாம். ஆனால் நம்முடைய ஏட்டுச் சொற்கள் எவையும் இந்தப் பேச்சுச் சொல் அளவுக்கு மூளையின் பக்கத்தில் போனதில்லை.

ஏட்டுச் சொல்லுக்கு வருவோம். பக்கம், வாதம். பக்கம் என்பது தமிழா, வடமொழிப் பக்ஷமா, பிராகிருதமா என்ற சண்டைக்குள் நான் இறங்கவில்லை. இந்த அரங்கிலேயே அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். வாதம் சந்தேகமில்லாமல் வடமொழி. வீசுதல் என்ற பொருளுள்ள 'வா' என்னும் வேரிலிருந்து வந்தது. லத்தீனில் காற்றுக்குச் சொல்லும் வென்டுஸ், ஆங்கிலத்தின் விண்ட் எல்லாம் அதே குடும்பம். வாக்குவாதம், பிடிவாதம் என்பவற்றில் வரும் வாதம் வேறு. அது பேசுதல் என்ற வேரிலிருந்து வந்தது. வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு, ஒலி வேறு. தமிழில் ஒரே 'த' இரண்டுக்கும் வேலை செய்வதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிடிவாதத்துக்கும் மருந்து கேட்டு வருகிறார்கள் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார்.

பழைய ஆயுர்வேத நூல்களைத் திறந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சரகசம்ஹிதையில் இந்த நோய்க்குப் பெயர் பக்ஷவதம். வதம் என்றால் கொலை. ஒரு பக்கம் கொல்லப்பட்டது. சுச்ருதசம்ஹிதையில் பக்ஷாகாதம். ஆகாதம் என்றால் அடி. ஒரு பக்கத்தில் அடி விழுந்தது. இரு நூல்களும் இதை வாத நோய்களின் வரிசையில்தான் வைக்கின்றன, ஆனால் பெயரில் காற்று இல்லை. காற்று காரணம், அடி விளைவு. அண்டை மொழிகளைப் பாருங்கள். மலையாளத்தில் இன்றும் பக்ஷாகாதம் என்று அடியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், கூடவே தளர்வாதம் என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் பக்ஷவாதம். கன்னடத்தில் பார்ஷ்வவாயு. நம் சித்த மருத்துவ ஏடுகளில் பாரிசவாயு என்று வருவதும், இலங்கைத் தமிழர்கள் பாரிசவாதம் என்று சொல்வதும் அந்தக் கன்னடச் சொல்லுக்கு உடன்பிறப்புகள். பாரிசம் என்றாலும் பக்கம்தான். ஆக மலையாளம் நீங்கலாக நம் பக்கத்தில் எல்லோரும் அடியைக் கைவிட்டுக் காற்றை எடுத்துக்கொண்டார்கள். காரணத்தைப் பெயராக வைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. காரணத்தைப் பற்றிய கொள்கை மாறினாலும் பெயர் மாறாது. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் பேசுவேன்.

காற்று என்று சொன்னவர்களை இன்றைய மருத்துவ மாணவர் சிரித்துவிட்டுப் போகலாம். அவசரப்பட வேண்டாம். வள்ளுவரே மருந்து அதிகாரத்தில் நோய்க்குக் காரணமான மூன்றை எண்ணும்போது வளியைத்தான் முதலில் நிறுத்துகிறார். சித்த மருத்துவம் உடம்பில் பத்து வாயுக்கள் இயங்குவதாகச் சொல்லும். அவற்றில் வியானன், தூய தமிழில் பரவுகால், உடல் முழுவதும் பரவி நின்று கைகால்களை நீட்டவும் மடக்கவும் செய்வது. யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடுவிலிருந்து புறப்பட்டு விரல் நுனிவரை ஓடுகிறது; அது ஓடினால் விரல் அசைகிறது, ஓடாவிட்டால் அசைவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஓடக்கூடியது என்று அந்தக் காலத்து மனிதன் அறிந்த ஒரே பொருள் காற்று. மின்சாரத்தை அவன் கண்டது மின்னலில் மட்டும்தான்.

கிரேக்கர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் செய்த காலென், மூளையில் ஒரு வகை 'நியூமா' உண்டாகி நரம்புகள் வழியே ஓடித் தசையை அசைக்கிறது என்று எழுதினார். நியூமா என்றால் மூச்சு, காற்று. நரம்பு என்ற சொல்லிலும் இரு மொழிகளும் சந்திக்கின்றன. கிரேக்க நியூரோன் முதலில் வில்லின் நாணையும் தசைநாரையும் குறித்தது. நம் நரம்பு யாழின் தந்தியையும் குறித்தது. நம்மிடம் அந்தப் பழைய தாராளம் இன்னும் போகவில்லை. ரத்தக் குழாயில் போடுகிற ஊசிக்கு இன்றைக்கும் நரம்பு ஊசி என்றுதான் பெயர். உண்மையிலேயே நரம்பில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். 1791இல் இத்தாலிய அறிஞர் கால்வானி தவளைக் காலைத் துடிக்கவைத்துத் தம் நூலை வெளியிடும் வரையில் ஐரோப்பாவிலும் நரம்புக்குள் காற்று ஏதோ ஒரு பெயரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி அடி. கிரேக்கத்தில் ப்ளேகே என்றால் அடி. ஹெமிப்ளீஜியா என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்வது பாதி உடம்பில் விழுந்த அடி. அப்போப்ளெக்ஸி என்பது அடித்து வீழ்த்துதல். ஆள் பேச்சுமூச்சில்லாமல் சாய்ந்துவிடும் நிலை. ஜெர்மானியர் இதைச் சொல்லும் சொல்லின் முதல் பாதியான ஷ்லாக் என்பதற்கும் பொருள் அடி. ஆங்கில ஸ்ட்ரோக் கடவுளின் கையால் விழுந்த அடி என்ற நீண்ட தொடராகத் தொடங்கி, பிறகு கடவுளையும் கையையும் உதறிவிட்டு அடியை மட்டும் வைத்துக்கொண்டது. நம் கிராமத்தில் 'முனி அடிச்சிருச்சு' என்கிறோமே, அதில் கடவுள் இன்னும் இருக்கிறார், ஊர் எல்லையில் நிற்கிற கடவுளாக. 'காத்து கருப்பு அடிச்சிருக்கு' என்னும்போது காற்றும் அடியும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிடுகின்றன. இந்தச் சேர்க்கையை அப்படியே மருத்துவச் சொல்லாக்கியவர்கள் சீனர்கள். அவர்களுடைய சோங்ஃபெங் என்ற சொல்லுக்குக் காற்றால் தாக்கப்படுதல் என்று பொருள். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அதே எழுத்துகளோடு அது போயிருக்கிறது.

ஏன் உலகம் முழுவதும் அடி? இந்த நோய் வருகிற விதம் அப்படி. காய்ச்சல் ஏறி வரும், சர்க்கரை நோய் சத்தமில்லாமல் வரும், புற்றுநோய் வளர்ந்து வரும். இது மட்டும் காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது வரும். டம்ளர் விழும், கை விழும், பிறகு ஆள் விழுவார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரோ அடித்ததாகத்தான் தெரியும், அடித்த கைதான் தெரியாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பராலிசிஸ் என்ற கிரேக்கச் சொல்லில் காற்றும் இல்லை, அடியும் இல்லை. பரா என்றால் பக்கம், அருகு. லிசிஸ் என்றால் அவிழ்தல். கட்டியிருந்தது பக்கவாட்டில் அவிழ்ந்துபோயிற்று என்பது அதன் பொருள். சிறுநீரக நோயாளிகள் நம் எல்லோருக்கும் பழக்கிவிட்ட டயாலிசிஸில் வருவதும் அதே லிசிஸ்தான். இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போகும் வழியில் நடுவெழுத்துகளை இழந்து பால்சி என்று சுருங்கியது. பாரெசிஸ் என்று இன்னொரு சொல் உண்டு. கை முழுதாக விழாமல் வலு மட்டும் குறைந்தால் நாங்கள் அதைப் பயன்படுத்துவோம். அதற்கு மூலப்பொருள் விட்டுவிடுதல், தளர்த்துதல். மலையாளிகளின் தளர்வாதம் எதை நினைத்துப் பிறந்ததோ அதையே கிரேக்கர்களும் நினைத்திருக்கிறார்கள். அரபியிலும் பாரசீகத்திலும் ஃபாலிஜ் என்பார்கள். அதன் வேருக்கு இரண்டாகப் பிளத்தல் என்று பொருள். முகத்தில் மட்டும் வருவதற்கு அரபியர் வைத்த லக்வா என்ற பெயர் இந்திக்கு வந்ததும் முகத்தைத் தாண்டி உடம்பு முழுவதற்குமான வாதப் பெயராகிவிட்டது.

கப்பர்நகூமில் நான்கு பேர் ஒரு நோயாளியைப் படுக்கையோடு கூரை வழியே இறக்கிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். நற்செய்தி எழுதிய மாற்கு அந்த மனிதனைப் பராலிட்டிகோஸ் என்கிறார். நம்முடைய பழைய தமிழ் விவிலியம் அவனைத் திமிர்வாதக்காரன் ஆக்கியது. திமிர் என்றால் அன்று மரத்துப்போதல், விறைத்தல். இன்று திமிர் என்றால் என்ன என்று இங்கே இருக்கிற பெற்றோர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாசிக்கிற பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்வதாலோ என்னவோ, பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு அவரை முடக்குவாதமுற்றவர் என்று மரியாதையோடு மாற்றியது. ஆனால் இன்று மருத்துவமனைப் பலகையில் முடக்குவாதம் என்று எழுதியிருந்தால் அது மூட்டு வீங்கி விரல் கோணும் ருமட்டாய்டு நோயைக் குறிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்கிற முடக்குவாதம் ஒன்று, திங்கட்கிழமை மருத்துவமனையில் கேட்கிற முடக்குவாதம் இன்னொன்று.

இதுவரை எல்லாப் பெயர்களும் கையையும் காலையும் பற்றியே பேசின என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் விழுந்தது, எப்படி விழுந்தது என்று சொன்னார்கள். எங்கிருந்து விழுந்தது என்ற கேள்விக்கு மனிதன் விடை தேடிய வரலாறு தனி, எனக்கு மிகவும் பிடித்த வரலாறு.

எகிப்தில் லக்சர் நகரில் 1862இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். ஏறத்தாழ 3,600 ஆண்டுப் பழமையானது, அதற்கும் முந்தைய மூலத்திலிருந்து படியெடுத்தது. பிரெஸ்டெட் என்ற அறிஞர் 1930இல் மொழிபெயர்த்து வெளியிட்டபோதுதான் அதில் இருப்பது தெரிந்தது: அடிபட்ட 48 பேரின் நிலை, தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக. கழுத்தெலும்பு விலகிய ஒருவனைப் பற்றி, தன் இரு கைகளையும் இரு கால்களையும் அவன் உணரவில்லை, சிறுநீர் தானாகக் கசிகிறது, இது சிகிச்சைக்கு அடங்காதது என்று எழுதியிருக்கிறார் அந்த மருத்துவர். அடி கழுத்தில், விழுந்தது கால். பெயர் தெரியாத அந்த மனிதர் இரண்டையும் ஒரே குறிப்பில் சேர்த்து எழுதிவிட்டார். மண்டை உடைந்த இன்னொருவனைப் பற்றியும் எழுதுகிறார்; அடிபட்ட பக்கமே அவன் காலை இழுத்து நடக்கிறான் என்கிறார். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஏனென்றால் தலைக்காயம் பெரும்பாலும் எதிர்ப் பக்கத்தைத்தான் வீழ்த்தும்.

ஹிப்போகிராட்டிஸ் மரபில் எழுதப்பட்ட தலைக்காய நூல், காயத்துக்கு மறுபக்கத்தில் வலிப்பு வருவதைச் சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. சொன்னவர் இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ். நம் சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியவர். தலைக்குக் கீழே தண்டில் கோளாறு என்றால் அதே பக்கம் விழும். தலையில் கோளாறு என்றால் மறுபக்கம் விழும். ஏனென்றால் நரம்புகள் தொடங்கும் இடத்திலேயே கிரேக்க எழுத்தான χ, அதாவது பெருக்கல் குறிபோல் இருக்கும் எழுத்து, அந்த வடிவில் ஒன்றையொன்று கடந்து போகின்றன என்று எழுதினார். நுண்ணோக்கி இல்லாத காலம். நோயாளிகளை மட்டும் பார்த்து ஒரு மனிதர் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். அந்தக் குறுக்குவெட்டைப் பிணத்தைத் திறந்து கண்ணால் பார்த்துச் சொல்ல இன்னும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இத்தாலியில் மிஸ்டிகெல்லி 1709இலும் பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் பூர்ஃபூர் தியு பெட்டி 1710இலும் அதை எழுதினார்கள்.

காலெனின் ஒரு நோயாளியையும் சொல்லவேண்டும். சிரியாவிலிருந்து ரோமுக்கு வந்த பௌசானியாஸ் என்ற பேச்சாளர். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலில் பாதி ஆகியவற்றில் உணர்ச்சி போய்விட்டது. ரோமின் வைத்தியர்கள் விரலுக்கு மருந்து மேல் மருந்தாகப் போட்டார்கள். காலென் விரலைப் பார்க்காமல் கேள்வி கேட்டார். சில காலத்துக்கு முன் தேரிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதியில் கல்லில் அடிபட்டது தெரியவந்தது. அதே மருந்துகளை விரலிலிருந்து எடுத்து முதுகுத்தண்டில் போடச் சொன்னார். உணர்ச்சி திரும்பியது என்று எழுதுகிறார். மருந்தால் திரும்பியதா, தானாகத் திரும்பியதா என்று நான் வாதாடமாட்டேன். நோய் தெரிகிற இடம் வேறு, இருக்கிற இடம் வேறு என்று அவர் பிரித்ததுதான் பெரிது. கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் 96 தொடுவர்மம், 12 படுவர்மம் என்று 108 இடங்களை எண்ணி வைத்திருக்கிறார்களே, அங்கேயும் இந்த அறிவு இருக்கிறது; பிடரியில் தட்டினால் கை சோரும் என்பது அவர்களுக்குப் பாடம். நம் ஊரில் அடியின் இடத்தை எண்ணியவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களுடைய சொல் பொதுத் தமிழுக்கு வரவில்லை.

கடவுளின் அடி எங்கே விழுகிறது என்பதை மூளையைத் திறந்து காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் வெப்ஃபர். 1658இல் வந்த அவருடைய நூல், திடீரென்று சாய்ந்து இறந்தவர்களின் மூளைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்ததைச் சொன்னது. மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டாலும் இது வரும் என்று அவர் கண்டார். கசிவு, அடைப்பு. இன்றைக்கும் நாங்கள் ஸ்கேன் எடுத்துப் பிரிப்பது இந்த இரண்டைத்தான்.

இங்கே நம் வாதத்துக்குத் திரும்புகிறேன். யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என்று எண்ணுகிறது. வாதம் என்பது ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். பக்கவாதம், முகவாதம், நடுக்குவாதம், முடக்குவாதம், கீல்வாதம், இளம்பிள்ளைவாதம் எல்லாம் ஒரே வீட்டுப் பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தன. அறிவியல் வந்து பாகப்பிரிவினை செய்தபோது ஒவ்வொன்றும் வேறு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

முகவாதம் முகநரம்பு வீங்குவதால் வருவது, மூளையைச் சேர்ந்ததல்ல. 1821இல் அந்த நரம்பின் வேலையை விளக்கிய சார்லஸ் பெல்லின் பெயரால் அதை அழைக்கிறோம். நெற்றியைச் சுருக்கச் சொன்னால் அந்தப் பக்கம் சுருங்காது, கண்ணும் மூடாது. மூளைக் கோளாறால் வாய் கோணினால் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். வீட்டில் இருந்தபடி இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வாய் கோணினால் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

நடுக்குவாதம் 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து எழுதிய சிறு நூலில் வருகிறது. அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார். அவரும் அதை நடுங்கும் பால்சி என்றே அழைத்தார். பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, இதில் பால்சியே இல்லை, வலு குறையவில்லை என்று மறுத்து, பார்க்கின்சன் பெயரையே நோய்க்குச் சூட்டினார். அங்கே பெயர் திருந்திவிட்டது, நாம் இன்னும் வாதம் என்கிறோம். ஆனால் நாம் தலைகுனிய வேண்டாத ஒரு செய்தியும் இதில் உண்டு. ஆயுர்வேதம் பூனைக்காலி விதையை வாத மருந்தாக வைத்திருந்தது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோய்க்கு இன்று கொடுக்கிற முதன்மை மருந்தே அதுதான் என்பது கால் நூற்றாண்டு கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இளம்பிள்ளைவாதம் ஆங்கிலத்திலிருந்து வந்த நேர் மொழிபெயர்ப்பு. போலியோ என்பது சாம்பல் நிறத்துக்கான கிரேக்கச் சொல். தண்டுவடத்தின் சாம்பல் பகுதி அழற்சியுறுவதால் அந்தப் பெயர். நாம் இடத்தின் பெயரை விட்டுவிட்டு வயதின் பெயரை எடுத்துக்கொண்டோம். ஆனால் 1921இல் இந்த நோய் என்று முடிவு செய்யப்பட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அப்போது வயது 39. அவர் 1938இல் தொடங்கிய அமைப்பின் பெயரிலும் இளம்பிள்ளைதான் இருந்தது. அந்த வாதம் உண்மையில் ஒரு வைரஸ், குடிநீரிலும் கையிலும் பரவுவது. காற்றுக்கு மருந்து தேடியிருந்தால் சொட்டுமருந்து வந்திருக்காது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள் நம் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பு மருந்து எத்தனை முறை தரவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஹௌராவில் கண்ட ஒரு சிறுமியோடு இந்தியாவில் இயற்கைப் போலியோ நின்றது.

பாராப்ளீஜியா என்ற சொல்லுக்குத் தமிழில் வீடே இல்லை. அரெட்டேயஸ் காலத்தில் அது உடம்பின் ஒரு பகுதி விழுவதைக் குறித்தது. இன்று இரு கால்களும் விழுவதைக் குறிக்கிறது. நம் மக்கள் 'இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல' என்று முழு வாக்கியமாகவே சொல்லிவிடுகிறார்கள், அது போதும் என்றுதான் நினைக்கிறேன். வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் அந்த நிலைக்கு ஆளானார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அறுவை மருத்துவர் பால் பிராண்டிடம் கற்றுத் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார், 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கக் காரணமானார். அவருக்குப் பொருந்துகிற பெயரை நம் வாதக் குடும்பத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இப்போது என் குறை. ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் வேறு, ஹெமிப்ளீஜியா வேறு. முதலாவது மூளையில் நடந்த நிகழ்ச்சி, இரண்டாவது உடம்பில் தெரிந்த விளைவு. தமிழில் இரண்டுக்கும் பக்கவாதம்தான். பக்ஷாகாதத்தில் இருந்த அடியைக் கைவிட்டதால் நிகழ்ச்சிக்குத் தனிப்பெயர் இல்லாமல் போயிற்று. இதனால் நேருகிற இழப்பை நான் பிரிவில் கண்டிருக்கிறேன். ஒருவருக்குத் திடீரென்று பேச்சு மட்டும் குழறுகிறது, கை கால் நன்றாக இருக்கிறது. அல்லது பார்வையில் பாதி மறைகிறது, நடை தள்ளாடுகிறது. பக்கம் விழவில்லையே, ஆகவே பக்கவாதம் இல்லை என்று வீட்டில் முடிவுகட்டி எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார்கள். இன்னொருவருக்குக் கை விழுந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. காத்து வந்து போச்சு என்று விட்டுவிடுகிறார்கள்; அது பெரிய அடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். மூன்றாமவருக்குக் கை கால் விழுந்தேவிட்டது. விழுந்தது கை என்பதால் கைக்கு எண்ணெய் தேய்க்கிறார்கள், புறா ரத்தம் பூசுகிறார்கள். பௌசானியாஸின் விரலுக்கு மருந்து போட்ட அதே வைத்தியம்தான்.

மாரடைப்புக்கு இந்தக் கஷ்டம் இல்லை. மாரில் அடைப்பு என்று பெயரே இடத்தையும் செயலையும் சொல்லிவிடுகிறது, யாரும் அதற்கு எண்ணெய் தேய்க்கக் கிளம்புவதில்லை. மூளைக்கு அப்படி ஒரு பெயர் வேண்டும். மூளையடைப்பு என்று சொல்லலாமா என்றால், கசிவை அது விட்டுவிடும். மூளைத்தாக்கு, மூளையடி என்றெல்லாம் எழுதிப்பார்க்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் இருந்திருந்தால் ஒரு பட்டியலே போட்டுத் தந்திருப்பார். என் சொந்தச் சாய்வு அடியின் பக்கம். நம் கிராமத்துப் பேச்சில் அடித்தது என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது. முனியை எடுத்துவிட்டு மூளையை வைத்தால் போதும். பக்கவாதத்தை விளைவுக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குத் தகராறு இல்லை. நாடாளுமன்றமும் போக்குவரத்தும் முடங்கின என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே தவிர, அவற்றுக்குப் பக்கவாதம் என்று எழுதுவதில்லை; அந்தச் சொல்லை மனித உடம்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற நாகரிகம் நம்மிடம் இருக்கிறது.

பெயரைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவது நேரத்துக்காக. அடைப்பால் வந்ததென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் என்றது. 2008இல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. சில பெரிய அடைப்புகளைக் குழாய் விட்டு எடுக்க அதற்கு மேலும் அவகாசம் உண்டு. ஊசியால் கரைக்கிற சிகிச்சைக்கு த்ராம்போலிசிஸ் என்று பெயர். மறுபடியும் லிசிஸ். கிரேக்கன் நோய்க்கு வைத்த அவிழ்தல் இப்போது மருந்துக்குப் பெயராகியிருக்கிறது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது.

ஆகவே 108 ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போது பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை: வாதம், இழுப்பு, ஸ்ட்ரோக், முனி அடித்தது, எதையும் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு வந்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு, அதற்கு மட்டும் விடை கொண்டுவாருங்கள்: கடைசியாக நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால் எழுந்த நேரம் கணக்கில்லை. இரவு படுக்கப் போகும்போது நன்றாகப் பேசிவிட்டுப் போனாரா, நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தாரா, எழுந்தபோது நடை சரியாக இருந்ததா என்பதிலிருந்துதான் கணக்கு.